கழற்றுகிற கூரைக்கு மேல் என்ன வைப்பது?

என் வகுப்பு நண்பன் ஒருவன் வீட்டில் போன மாதம் ஒரு மஹிந்திரா தார் வாங்கினார்கள். கூரையைக் கழற்றிவிட்டு வெயிலில் ஓட்டலாம் என்பதற்காகவே வாங்கிய வண்டி. வாங்கிய மூன்றாம் நாள் கேண்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டான். "டேய், நீ பழவேற்காட்டுக்காரன். உங்க ஊர் மணல்லதான் முதல்ல வந்து ஓட்டப் போறேன். இதுக்கு எந்த டாப் கேரியர் நல்லா இருக்கும், சொல்லு."

அவன் செல்போனில் நாலைந்து படங்கள் வைத்திருந்தான். கறுப்பு இரும்புக் கூடை, அதில் இரண்டு டீசல் கேன், ஒரு ஏணி, மடக்கிய கூடாரம், முன்னால் நீளமாக ஒரு எல்.ஈ.டி. விளக்கு. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. "எதுவும் வேண்டாம்" என்றேன். பொறாமை என்று நினைத்துக்கொண்டான். கொஞ்சம் உண்மைதான் :-) ஆனால் அது மட்டும் காரணமில்லை. கேண்டீனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கூரை. பழைய அம்பாசடர் டாக்ஸிகளின் கேரியர் நினைவிருக்கிறதா? அந்தக் காரின் கூரை ஓரத்தில் மழைநீர் வழிவதற்காக ஒரு தகர விளிம்பு இருக்கும். கேரியரின் கால்கள் அந்த விளிம்பைக் கவ்விக்கொள்ளும். விளிம்புக்குக் கீழே காரின் தூண்கள். ஆகவே பெட்டி, படுக்கை எல்லாவற்றின் எடையும் தூண் வழியாகக் கீழே இறங்கிவிடும். கூரைத் தகடு வெறும் மூடிதான்.

கழற்றுகிற கூரை உள்ள ஜீப்பில் அப்படி இல்லை. 2010-ல் வந்த முதல் தார் கான்வாஸ் கூரையோடு வந்தது. பலர் வெளியே கொடுத்து ஃபைபர் கூரை செய்து போட்டுக்கொண்டார்கள். 2020 அக்டோபரில் வந்த இரண்டாவது தாரில் மடக்கும் கான்வாஸும் கிடைத்தது, கம்பெனியே போட்டுத் தரும் ஹார்ட் டாப்பும் கிடைத்தது. கான்வாஸின் மேல் எதையும் வைக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏமாற்றுவது ஹார்ட் டாப்தான். தட்டினால் 'டக் டக்' என்று கெட்டியாகச் சத்தம் வரும். ஆனால் அது வண்டியின் எலும்பு அல்ல, மேலே கவிழ்த்து போல்ட் போட்ட ஒரு தொப்பி. எலும்பு என்பது உள்ளே இருக்கும் ரோல் கேஜ் குழாய்களும், கதவுக்குக் கீழே இருக்கும் உடம்பும்.

இது எனக்குப் புத்தகம் படித்துத் தெரிந்ததில்லை. என் தாய்மாமா ஒரு பழைய தார் வைத்திருக்கிறார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எங்கள் குப்பத்துக்குள் வரும் வழியில் கடைசிக் கொஞ்ச தூரம் மணல். சின்ன யானை வண்டி அதில் சக்கரம் புதைந்து நிற்கும், தார் வந்துவிடும். வலை, ஐஸ் பெட்டி, ரிப்பேருக்குப் போகும் படகு எஞ்சின் என்று அவருடைய சொந்தச் சாமான் எல்லாம் அதில்தான் போகும். பின்னால் இடம் போதவில்லை என்று ஒரு வெல்டிங் பட்டறையில் கேரியர் செய்து, ஃபைபர் கூரையில் எட்டு ஓட்டை போட்டு முடுக்கினார்கள். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

ஐப்பசி மழையில் முதல் ஓட்டை ஒழுகியது. கார்த்திகையில் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல். மாசியில் ஒரு நாள், மேலே எஞ்சினும் நனைந்த வலையும் இருக்க, மணல் வழியில் ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. வண்டி சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றது. நான் உள்ளே இருந்தேன். மாமா ஸ்டியரிங்கை விடாமல், "எறங்காத, அந்தப் பக்கம் வந்து குந்து" என்று மட்டும் சொன்னார். படகில் சொல்வதையேதான் சொன்னார்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். தோராயமான கணக்குதான். வண்டி 1750 கிலோ, அதன் எடை மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 கிலோவை 195 சென்டிமீட்டர் உயரத்தில் கூரை மேல் ஏற்றினால் மையம் கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டருக்குப் போய்விடுகிறது. அதே 150 கிலோவை வண்டிக்குள் 80 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் மையம் ஒரு சென்டிமீட்டர்கூட ஏறுவதில்லை. சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் அகலம் உள்ள வண்டிக்கு அந்த 10 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய நான்கு டிகிரி. அதாவது நான்கு டிகிரி முன்னதாகவே வண்டி கவிழும். இது அசையாமல் நிற்கும் வண்டிக்கு. குலுங்கி ஓடும்போது இன்னும் மோசம்.

பாரம் மேலே போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வலையையும் ஐஸையும் அடியில் வைத்துத்தான் படகு தள்ளுவோம். அளவுக்கு மீறிய பாரம் என்ன செய்யும் என்பதும் தெரியும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கிறிஸ்துமஸ் வரும்போதெல்லாம் ஊரில் யாராவது அதைப் பேசுவார்கள். தண்ணீரில் இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கும் நாங்களே, சக்கரம் வைத்த வண்டி என்றதும் எஞ்சினைத் தூக்கிக் கூரையில் வைத்தோம். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, கட்டாயம் கேரியர் வேண்டும் என்பவர்களுக்கு என் யோசனைகள்.

ஒன்று, கேரியர் எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். கூரையில் ஓட்டை போட்டு நிற்பது வேண்டாம். கால்கள் கீழே இறங்கி, வண்டியின் உடம்பிலோ சட்டத்திலோ ஊன்றி நிற்கும் வகைதான் சரி. கூரையைக் கழற்றினாலும் கேரியர் தானாக நிற்க வேண்டும். வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதைக் கழற்றாமல் கூரையைத் திறக்க முடியுமா?" முடியாது என்றால், எதற்காக அந்த வண்டியை வாங்கினீர்களோ அதையே பூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இரண்டு, எடை. வண்டியோடு வரும் கையேட்டில் கூரை எவ்வளவு தாங்கும் என்று இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணில் கேரியரின் சொந்த எடையும் அடக்கம். 40 கிலோ இரும்புக் கூடையை மாட்டினால், சாமான் ஏற்றும் முன்பே 40 கிலோ போய்விட்டது. நிற்கும் வண்டி தாங்குவது வேறு, மணலில் குதிக்கும் வண்டி தாங்குவது வேறு. கடைக்காரர் பெரும்பாலும் முதல் எண்ணைத்தான் சொல்வார்.

மூன்று, உப்பு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், காற்றே உப்பு. இரும்பில் பவுடர் கோட்டிங் ஒரு இடத்தில் பெயர்ந்தால் அங்கிருந்து துரு உள்ளே ஓடும். அலுமினியம் தேவலாம், எடையும் குறைவு. ஆனால் அதில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை நேராக முடுக்கினால், இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டு அலுமினியம் அரிக்கும். பிளஸ் டூ வேதியியலில் மதிப்பெண்ணுக்குப் படித்தோமே, அதேதான். நடுவில் நைலான் வாஷர் போடுங்கள். வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

நான்கு, சட்டம். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. மாட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஐந்து, அந்த நீள விளக்கு. தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிடும். இரவில் பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம்தான் போகும். கடல் பக்கம் போக வேண்டியது உங்கள் விளக்கின் பக்கம் வரும். கரையில் விளக்கும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். அங்கே மணலில் விரித்துக் காய்வது வெறும் நூல் என்று நினைத்து ஏற்றிவிடாதீர்கள், அது ஒரு வீட்டின் பிழைப்பு.

மாமா இப்போது என்ன செய்கிறார்? பழைய கேரியரைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்துவிட்டார். உடம்பில் ஊன்றி நிற்கும் இலேசான சட்டம் ஒன்று வந்திருக்கிறது. அதில் போவது மிதவைகள், காலி தெர்மாகோல் பெட்டிகள், மூங்கில், காய்ந்த வலை. எஞ்சினும் ஐஸும் கீழே. இடம் போதாவிட்டால் இரண்டு நடை போகிறார். இரண்டு நடைக்கு டீசல் கூடுதல்தான். "கூடினா கூடட்டும்" என்கிறார்.

என் கருத்து இதுதான். கேரியரைத் தேர்ந்தெடுப்பது என்பது இரும்பா அலுமினியமா என்பதில் தொடங்குவதில்லை. அதில் எதை ஏற்ற மாட்டோம் என்று முடிவு செய்வதில் தொடங்குகிறது. இடத்தை அடைப்பது மேலே போகலாம். எடையுள்ளது கீழேதான். ஏற்ற ஒன்றுமே இல்லை என்றால் கேரியரே வேண்டாம். சென்னையிலிருந்து பழவேற்காடு சுமார் 60 கிலோமீட்டர். காலையில் வந்து பூநாரை பார்த்து, மீன் சாப்பிட்டு, சாயங்காலம் திரும்புகிற ஊருக்கு ஏணியும் இரண்டு கேன் டீசலும் எதற்கு?

நண்பா, கூரையைத் திறந்துகொண்டு வா. வண்டியை ரோட்டோரம் நிறுத்து. எங்கள் வீட்டுக்கு நடந்தே போகலாம். அம்மா இறால் வறுத்து வைப்பாள்.