மைனஸ் குறி பிரேக் அல்ல

ஓய்வு பெற்ற பிறகும் பாடம் எடுக்கிறேனே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். 30 ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் நானே எழுதிப்போட்ட ஒரு வரியை அழிக்கத்தான் இன்று வந்திருக்கிறேன்: "எதிர் முடுக்கம் என்றால் வேகம் குறைவது."

சில மாதங்களுக்கு முன் தொப்பூர் பக்கம் ஒரு டீக்கடையில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். லாரி ஓட்டுகிறார். "கணவாய் இறக்கத்துல நியூட்ரல்ல விட்டுடுவேன் சார், டீசல் மிச்சம்" என்றார். திக்கென்றது. "வண்டி வேகம் எடுக்காதாப்பா?" என்றேன். "பிரேக் இருக்குதே சார். ஆக்சிலேட்டர் மிதிச்சா முடுக்கம், பிரேக் மிதிச்சா எதிர் முடுக்கம்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மைனஸ் குறி திசையைச் சொல்வது. வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பதைச் சொல்வதல்ல. தர்மபுரியிலிருந்து சேலத்துக்குப் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம். தர்மபுரி நோக்கிய திசையை பிளஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பு எல்லா வண்டியையும் சேலம் பக்கம்தான் இழுக்கிறது. ஆக, ஏறும் லாரிக்கும் இறங்கும் லாரிக்கும் அது தரும் முடுக்கம் மைனஸ்தான். அதே மைனஸில் ஏறும் லாரி திணறுகிறது, இறங்கும் லாரி பாய்கிறது. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியானால் வேகம் கூடும். எதிரெதிர்க் குறியானால் குறையும். சொல்லித்தர வேண்டியது இவ்வளவுதான்.

20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவு என்று ஒரு கணக்குப் போடுவோம். முடுக்கம் நொடிக்கு நொடி சுமார் அரை மீட்டர். 36 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிய வண்டி, உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், 30 நொடியில் 90 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். ஓடிய தூரம் அரை கிலோமீட்டர்தான். எந்த மிதியிலும் கால் வைக்க வேண்டாம்; சரிவே முடுக்கும். கியரில் இருந்தால் இன்ஜின் இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல்தான். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறி, பிடிப்பை இழக்கும். அந்தக் கணவாயில் எத்தனை விபத்துச் செய்தி படித்திருக்கிறோம்!

"பரீட்சைக்கு அந்த ஒரு வரி போதும் சார்" என்று இப்போதைய ஆசிரியர்கள் சிலர் என்னிடம் வாதாடுகிறார்கள். மேலே எறிந்த பந்தைக் கேளுங்கள் ஐயா! மேல் நோக்கிய திசை பிளஸ் என்றால், ஏறும்போதும் உச்சியிலும் விழும்போதும் அதன் முடுக்கம் மைனஸ் 9.8தான். விழும் பந்து வேகம் குறைந்தா வருகிறது? அந்த வரி பரீட்சைக்கே உதவாது.

விபத்துக்கெல்லாம் வாத்தியார்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சாலையின் அமைப்பு, அதிக பாரம், தூக்கமின்மை என்று காரணங்கள் பல. ஆனால் என் பங்கு தவறை நான்தான் திருத்த வேண்டும். அந்த மாணவரிடம் அன்றே, டீ கிளாஸைச் சாய்த்து வைத்துக் காட்டிச் சொல்லிவிட்டேன். வகுப்பில் இருப்பவர்கள் நாளைக்கே சொல்லுங்கள்.