மூத்தம்மாவின் கழன்ற கிரவுன்



சோறு மென்றுகொண்டிருந்த மூத்தம்மாவின் வாயிலிருந்து, பல்லுக்குப் போட்ட கிரவுன் கழன்று கையில் வந்துவிடுகிறது. வீட்டில் எழும் முதற் பேச்சு என்ன? “இந்த வயதில் இனி எதற்கு? பிடுங்கிவிடச் சொல்லுங்கள்!” நல்ல பல் வைத்தியர் வயதை மட்டும் வைத்து அப்படித் தீர்ப்புச் சொல்லமாட்டார்.

அவர் முதலில் பார்ப்பது உறையின் கீழே எஞ்சியிருக்கும் பல்லை. சீமெந்து மட்டும் கரைந்து, பல் உறுதியாக இருந்தால் அதே கிரவுனைச் சுத்தம் செய்து திரும்பவும் ஒட்டிவிடலாம். சூத்தை தின்றிருந்தால் கதை வேறு. முரசுக்கு மேலே சுற்றிவர ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நல்ல பல் இருந்தால்தான் புதிய கிரவுன் நம்பிக்கையாக நிற்கும். அது இல்லாத இடத்தில் வேருக்குள் கம்பி இறக்கிக் கட்டினால் வேர் பிளக்கும் அபாயமுண்டு. நெடுக்காகப் பிளந்த வேரைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும்.

அடுத்தது மருந்துகள். இதைத்தான் நம் வீடுகளில் சொல்ல மறந்துவிடுகிறோம். முதியோர் குடிக்கும் மாத்திரைகள் பல உமிழ்நீரைக் குறைக்கும். வாய் வறண்டால், முரசு இறங்கி வெளியே தெரியும் வேரில் சூத்தை விரைவாகப் பிடிக்கும். அதைக் கவனிக்காமல் போடும் புதுக் கிரவுனும் நிலைக்காது. வோபரின் குடிப்பவருக்குப் பல் பிடுங்குமுன் இரத்தப் பரிசோதனை வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரத்தக் கட்டி உண்டாகிப் பாரிசவாதம் வரக்கூடும். எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட் குடிப்பவருக்கோ, பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமற்போவது அரிதாக உண்டு. அதனால் சில வேளை வேரைப் பிடுங்காமல் சிகிச்சை செய்து, மூடி விட்டுவிடுவார்கள்.

பிடுங்கிய இடத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்பதுமில்லை. ஒல்லாந்தின் நைமேகனைச் சேர்ந்த பேராசிரியர் கைசர் 1981இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின், முன்பற்களும் அவற்றையடுத்த சிறு கடைவாய்ப் பற்களுமாக 20 பற்கள் பொருந்தி நின்றால் பலருக்கு அதுவே போதும் என்ற கருத்து வலுப்பெற்றது.

கழன்ற கிரவுனைச் சிறு டப்பியில் போட்டு, மருந்துச் சீட்டுகளோடு கொண்டு செல்லுங்கள். சுப்பர் குளூவால் ஒட்டவேண்டாம். தளர்ந்த கிரவுனோடு உறங்கவும் விடாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

வைத்தியர் மூத்தம்மாவிடம் கேள்வி கேட்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். ஒரு மணி நேரம் வாயைத் திறந்தபடி கதிரையில் சாய்ந்திருக்க அவருக்கு முடியுமா, இறைச்சியை அந்தப் பக்கத்தால் மென்று சாப்பிட ஆசையா, வலியில்லாமல் இருந்தால் மட்டும் போதுமா என்பதெல்லாம் அவருக்குத்தானே தெரியும்!