பந்து தவறினால் என்ன?



இந்த இதழில் திருத்தங்கலிலிருந்து வந்த ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்கிறேன். எழுதியவரின் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் கூடைப்பந்து ஆடுகிறாள். குறுவட்டப் போட்டியில் கடைசி நிமிஷம் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவற விட்டுவிட்டாள். ஒரே பாயிண்டில் தோல்வி. "நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இனி ஆட மாட்டேன் என்கிறாள். என் மாமியாரோ, 'வயசுக்கு வந்த பிள்ளைக்கு என்ன ஆட்டம், நிப்பாட்டு' என்கிறார். நான் என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறார்.

நிப்பாட்ட வேண்டாம் அம்மா. இப்போது நிறுத்தினால், 'தோற்றால் ஓடிவிட வேண்டும்' என்பதுதான் அவள் மனசில் பதியும்.

ஃப்ரீ த்ரோ பார்க்கச் சுலபம். கோட்டிலிருந்து பலகை 15 அடி, வளையம் 10 அடி உயரம், தடுக்க ஆள் இல்லை. ஆனால் அத்தனை பேர் கண்ணும் அவள் மேலேயே இருக்கும். கை நடுங்குவது அதனால்தான். உலகப் பெயர் பெற்ற ஆட்டக்காரர்களும் இதைத் தவற விடுகிறார்கள்.

இதற்கு மருந்து தனிப் பயிற்சி. நம் பக்கம் சரம் பின்னுகிற அக்காமாரைப் பாருங்கள். புதுசாகச் சேர்ந்தபோது விரல் தடுமாறும். பழகினபின் பேசிக்கொண்டே பின்னுவார்கள், கை தானாக ஓடும். பந்தும் அப்படித்தான். குழுவோடு ஆடுவது வேறு, தனியாகக் கையைப் பழக்குவது வேறு. தினமும் இருபது நிமிஷம் போதும்:

1. பந்தைப் பார்க்காமல் தரையில் தட்டட்டும். வலது கை எவ்வளவோ, இடது கையும் அவ்வளவு.

2. சுவரில் ஒரு குறி வைத்து, பந்தை எறிந்து பிடிக்கட்டும்.

3. முழங்காலை மடக்கி, கையை நீட்டி, மணிக்கட்டை மடக்கி எறியும் முறையை வளையம் இல்லாமலே பழகலாம்.

4. குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்க வேண்டும், உட்பக்கம் சாயக் கூடாது. முழங்கால் ஜவ்வு கிழிவது பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம்.

பந்து வாங்குவதானால் 12 வயசுக்கு மேற்பட்ட பெண்களுக்கு 6-ஆம் நம்பர். சின்னவர்களுக்கு 5. அண்ணனுடைய 7-ஆம் நம்பர் பந்து வேண்டாம், எறியும் முறையே கெட்டுவிடும்.

மனசுக்கும் பயிற்சி உண்டு. கோட்டில் நின்றதும் ஒரு நீண்ட மூச்சு, மூன்று தட்டு, வளையத்தைப் பார், போடு. ஒவ்வொரு தடவையும் இதே வரிசை. அப்போது மனசு கூட்டத்தை விட்டுவிட்டு வேலையைப் பிடித்துக்கொள்ளும். தவறிப்போனால், 'அடுத்த பந்து' என்று தனக்குள் சொல்லிக்கொள்ளட்டும்.

இனி நம் பங்கு. தோற்று வந்த அன்று, "ஏன் தவற விட்டே?" என்று கேட்காதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம். "குளிச்சிட்டு வா, சாப்பிடலாம்" என்று சொன்னால் போதும். அழுதால் அழட்டும். இரண்டு நாள் கழித்து அவளே பேசுவாள், அப்போது காது கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம், சாப்பாடு இல்லாமல் ஒதுங்கியே இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சோர்வுக்கு ரத்தசோகையும் காரணமாகலாம். நம் நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது இருக்கிறது. முருங்கைக்கீரை, கம்பங்கூழ், கடலை மிட்டாய் கொடுங்கள். கீரையோடு எலுமிச்சை சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக ஒட்டும். சாப்பிட்டதும் காப்பி, டீ வேண்டாம். பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கினாளா என்று கேளுங்கள். நம் ஊர் வெயிலுக்கு, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் உப்புப் போட்ட மோர். மாதவிலக்கு நாட்களில் உடம்பு இடம் கொடுத்தால் ஆடலாம், தப்பில்லை.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். சென்னை அனிதா பால்துரையின் கதையைச் சொல்லுங்கள். 19 வயசில் இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைவி. ஆசியப் போட்டிகளில் 9 தடவை ஆடியவர். குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து 2017-இல் நாட்டுக்காக ஆடினார். 2021-இல் பத்மஸ்ரீ. பிள்ளை பெற்றவளே ஆடும்போது, பருவம் வந்தவள் ஆடக் கூடாதா? நிதானமாகக் கேட்டால் பெரியவர்களும் இறங்கி வருவார்கள். அடுத்த ஆட்டத்துக்கு அவரையும் கூட்டிப் போங்கள். பாட்டி உட்கார்ந்து பார்க்கிறாள் என்றால் பேத்திக்குத் தெம்பு தானாக வரும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள்? எழுதுங்கள் சகோதரிகளே. அடுத்த இதழில், பரீட்சைக்கு முந்தின நாள் வரும் வயிற்று வலி பற்றிப் பேசுவோம்.