நடைபாதையில் சைக்கிள் விடலாமா?



ஓய்வூதியர்கள் நான்கு பேர் கூடினால் அகவிலைப்படியில் தொடங்கி முழங்கால் வலியில் முடியும் என்பார்கள். எங்கள் வட்டத்தில் சில நாட்களாக வேறு பேச்சு. நடைபாதையில் சைக்கிள் விடுவதை அனுமதிக்கலாமா, கூடாதா? காலையில் நடக்கப் போகிறவர்கள் ஒரு கட்சி. "கூடவே கூடாது, பிடித்து அபராதம் போட வேண்டும்" என்கிறார்கள். இன்னமும் சைக்கிளில் போய்வருகிறவர்கள் எதிர்க்கட்சி. "அப்போ பஸ்ஸுக்கு அடியில போய் விழச் சொல்றீங்களா?" என்று கேட்கிறார்கள்.

அலுவலகக் குறிப்பு எழுதிப் பழகிய கை என்னுடையது. ஆகவே முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். திடமாக இருக்கிற பெரியவர்கள் நடைபாதையில் சைக்கிள் விடக் கூடாது. சின்னக் குழந்தைகளையும் எழுபதைத் தாண்டியவர்களையும் நடை வேகத்தில் விடலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நடைபாதையைக் காட்டி ஏமாற்றாமல், சாலையிலேயே ஓர் ஓரம் ஒதுக்க வேண்டும். இந்த மூன்றில் கடைசிதான் முக்கியம்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்றால், நான் இரண்டு கட்சியிலும் இருக்கிறேன். எனக்கு வயது எழுபத்து நான்கு. இரும்பையில் பால் வாங்கவும் தபால் பார்க்கவும் இன்றைக்கும் சைக்கிள்தான். எழுபதுக்குப் பிறகு காலைத் தூக்கிப் போட முடியவில்லை என்று, நடுக்கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிளுக்கு மாறிக்கொண்டேன். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆகி, கைத்தடியோடு நடக்கிறாள். மாதம் இரண்டு முறை மருந்துக்காகப் புதுச்சேரி போகிறோம். அங்கே அவளுக்கு நடைபாதையை விட்டால் கதி இல்லை.

போன மாதம் மிஷன் வீதியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் போகிறேன். பின்னால் கிணிங் கிணிங் என்று மணி. எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு பையன், பதினைந்து வயது இருக்கும், புடவைத் தலைப்பை உரசிக்கொண்டு போய் நின்றான். நல்ல பையன். இறங்கி வந்து, "சாரி பாட்டி" என்றான். "தம்பி, மணி அடிச்சா எந்தப் பக்கம் நகர்றதுன்னு எனக்குத் தெரியலையேப்பா" என்றாள் இவள். அவன் என்னைப் பார்த்து, "ரோட்டுல பஸ் ஒரசுது தாத்தா, அதான் மேல ஏறிட்டேன்" என்றான்.

இருவர் சொன்னதும் உண்மை. இந்த வழக்கே அந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

முதலில் என் மனைவி பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளி. நடைபாதைக்குப் பிரெஞ்சில் 'த்ரொத்துவார்' என்று பெயர். 'த்ரொத்தே' என்ற வினைச்சொல்லிலிருந்து வந்தது. குறுங்காலடி வைத்து விரைவாகப் போவது என்று பொருள். பெயரே காலடியை வைத்து வந்ததுதான். தமிழில் நடைபாதை என்கிறோம், அதிலும் நடைதான் இருக்கிறது. ஆனால் பெயரைக் காட்டி வாதத்தை ஜெயிக்கப் பார்க்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். இடத்தைப் பாருங்கள். புதுச்சேரியின் பழைய வீதிகளில் வீடுகள் தெருவை ஒட்டியே நிற்கும். பிரெஞ்சுக்காரர் பகுதியில் கதவைத் திறந்தால் கால் வைப்பதே நடைபாதையில்தான். பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழர் பகுதியில், வீட்டுக்கு முன்னால் மரத்தூண் வைத்த தாழ்வாரமும் அதற்கு உள்ளே திண்ணையும் இருக்கும். வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கவும், கிழவர்கள் உட்காரவும், குழந்தைகள் விளையாடவும் ஆன இடம். வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் வெளியே வரும்போது வலமும் இடமும் பார்த்துவிட்டு வருவதில்லை. வாசல்படி இறங்குகிறவருக்கு ஒரு விநாடி அவகாசம்கூடக் கிடைக்காது.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். சாதாரணமாகச் சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் போகும். அதாவது ஒரு விநாடிக்குச் சுமார் 14 அடி. கைத்தடியோடு நடக்கிறவர் ஒரு விநாடிக்கு மூன்று அடி போனால் அதிகம். குடியிருப்புப் பகுதியில் நடைபாதை தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி. சுமார் ஆறு அடி. சைக்கிள்காரருக்கு, ஆட்டம் அசைவு சேர்த்து, மூன்று அடி வேண்டும். கைத்தடியோடு ஒருவரும் அவரைப் பிடித்துக்கொண்டு ஒருவரும் நடந்தால் நான்கு அடி. மூன்றும் நான்கும் ஏழு. விதிப்படி போட்ட நடைபாதையிலேயே ஒரு அடி குறைகிறது. நம் ஊரில் அந்த ஆறு அடியிலும் டிரான்ஸ்பார்மர், விளம்பரப் பலகை, நிறுத்திவைத்த பைக், பூக்காரம்மா கூடை எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும்.

சைக்கிள்காரருக்கும் அங்கே பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. சந்திலிருந்தோ வீட்டு கேட்டிலிருந்தோ வெளியே வருகிற கார்க்காரர் சாலையைப் பார்ப்பார். நடைபாதையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்க மாட்டார்.

இனி அந்தப் பையன் பக்கம். அவன் சோம்பேறித்தனத்தாலோ திமிராலோ ஏறவில்லை. பயந்து ஏறினான். நாம் வேலைக்குப் போன காலத்தில் அலுவலகத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் இடம் பிடிப்பதுதான் கஷ்டம், சாலையில் கஷ்டம் இல்லை. இன்றைக்குச் சாலையின் இடது ஓரத்தில் கார் நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போனால் பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. பயத்தால் மேலே ஏறுகிறவனை அபராதம் போட்டு இறக்கிவிடலாம். மறுநாள் அவன் சைக்கிளையே விட்டுவிட்டு, லைசென்ஸ் இல்லாமல் அண்ணனுடைய ஸ்கூட்டரை எடுப்பான். அது யாருக்கு லாபம்?

மற்ற நாடுகளில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால், ஆளுக்கு ஒரு வழி. இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டுச் சட்டம் வண்டி எதுவும் நடைபாதையில் போகக் கூடாது என்றது. பிற்பாடு 1888இல் சைக்கிளையும் வண்டிக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பிரான்சில் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டும் நடை வேகத்தில் நடைபாதையில் விடலாம். சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டு போகிறவர் அங்கே 'பியெத்தோன்', அதாவது பாதசாரி. ஜெர்மனியில் எட்டு வயதுவரை குழந்தைகள் நடைபாதையில்தான் போக வேண்டும். பத்து வயதுவரை போகலாம். ஜப்பானில் மோட்டார் பெருகி விபத்து அதிகமானதும், 1970இல் சட்டத்தைத் திருத்திப் பலகை வைத்த நடைபாதைகளில் சைக்கிளை ஏற்றினார்கள். 2008 முதல் பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும் எழுபது வயது ஆனவர்களும் பலகை இல்லாத நடைபாதையிலும் விடலாம். ஆனால் மெதுவாகப் போக வேண்டும். பாதசாரிக்கு இடைஞ்சல் என்றால் நின்றுவிட வேண்டும். எழுபதைத் தாண்டியவனுக்கு ஒரு சட்டம் சலுகை காட்டியிருக்கிறது என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இதில் எனக்குப் பிடித்தது வயதுக் கணக்கு. குழந்தையும் கிழவனும் வேகமாகப் போவதும் இல்லை, பஸ்ஸோடு போட்டி போடவும் முடியாது. "வயதை யார் சோதிப்பது?" என்று எங்கள் வட்டத்தில் ஒருவர் கேட்டார். நரைத்த தலையும் பால் பல்லும் அடையாள அட்டை இல்லாமலே தெரியும்.

"எல்லோருக்கும் அனுமதி கொடுத்தால் என்ன, எல்லோரும் மெதுவாகப் போகட்டுமே" என்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்றைக்குச் சைக்கிள் என்ற சொல்லுக்குள் பேட்டரி வண்டியும் வந்துவிட்டது. 250 வாட்டுக்குள் திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகமும் உள்ள வண்டி, குறிப்பிட்ட விதிகளுக்கு உட்பட்டு, மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். அது நடைபாதையில் ஏறினால் பின்னாலேயே பைக்கும் ஏறும். மோட்டார் வண்டி நடைபாதையில் போகக் கூடாது என்று சாலை விதியிலேயே இருக்கிறது. அந்த விதி படும் பாட்டை மாலை நேரத்தில் எந்தச் சிக்னலிலும் பார்க்கலாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தருகிற வாழ்வுரிமையில் அடங்கும் என்றும், அது மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அந்த உரிமை என் மனைவி போன்றவர்களுக்கானது. கையில் வந்து சேருவதற்கு முன்பே அதைப் பங்கு போடக் கூடாது.

இதுவரை எழுதியது புதுச்சேரிக்குப் பொருந்தும். இரும்பைக்கு? இங்கே நடைபாதையே கிடையாது. தார் முடிகிற இடத்தில் செம்மண். மாகாளேஸ்வரர் கோயிலுக்கு வருகிற கார்களும், மாத்ரிமந்திர் பார்க்க வருகிறவர்களின் வாடகை ஸ்கூட்டர்களும், மண் லாரிகளும் அந்தத் தார்ச்சாலையில்தான். அதே சாலையில்தான் காலை எட்டரை மணிக்கு நம் பிள்ளைகளும் சைக்கிளில் போகிறார்கள். திருச்சிற்றம்பலம் கூட்ரோட்டில் போய்த் திண்டிவனம் – புதுச்சேரி நான்குவழிச் சாலையைக் கடக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும்.

அந்தச் சைக்கிள்களில் பல அரசு கொடுத்தவை. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம். பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்தது. பத்தாவதோடு நின்றிருக்க வேண்டிய எத்தனையோ பெண்பிள்ளைகள் அதனால் பள்ளிக்கூடம் போனார்கள். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் சைக்கிளைக் கொடுத்த அரசு அதை ஓட்ட ஓர் ஓரத்தைக் கொடுக்கவில்லை. ஒரு துறை சைக்கிள் கொடுக்கிறது, இன்னொரு துறை சாலை போடுகிறது. இரண்டு கோப்பும் ஒரே மேசைக்கு வருவதில்லை. அரசு அலுவலகத்தில் காலம் கழித்தவனுக்கு இது ஆச்சரியம் இல்லை. ஆனால் சரிசெய்ய முடியாத காரியமும் இல்லை.

பக்கத்திலேயே பாருங்கள், ஆரோவில்லில் மரங்களுக்கு நடுவே சைக்கிளுக்கென்று பாதைகள் இருக்கின்றன. பளிங்கு பதித்தவை அல்ல, மண் பாதைகள்தான். மண்ணைச் சமன் செய்து, முள்ளை வெட்டி, மழைநீர் வடிய வழி செய்தால் சைக்கிளுக்கு அது போதும்.

குறிப்பை நான் இப்படி முடிப்பேன்.

1. பன்னிரண்டு வயதுவரை உள்ள குழந்தைகளும் எழுபது வயது ஆனவர்களும் நடைபாதையில் நடை வேகத்தில் சைக்கிள் விடலாம். பேட்டரி வண்டிக்கு இது பொருந்தாது.

2. அங்கே பாதசாரிக்கே முதல் உரிமை. அவரை ஒதுக்குவதற்காக மணி அடிக்கக் கூடாது. இடம் போதாவிட்டால் இறங்கித் தள்ள வேண்டும்.

3. மற்றவர்களும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடைபாதையில் போகத் தடையில்லை.

4. பள்ளிக்கூடங்களுக்குப் போகிற சாலைகளில், வெள்ளைக்கோட்டுக்கு வெளியே குறைந்தது ஐந்து அடி ஓரத்தைச் சமன் செய்து, பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் அங்கே வண்டி நிறுத்தத் தடை விதிக்க வேண்டும்.

நான்காவது நடந்தால் முதல் மூன்றுக்கும் வேலை குறைந்துவிடும். ஓரம் கிடைத்த பையன் நடைபாதையில் ஏற மாட்டான். நான்காவது நடக்காமல் அபராதம் மட்டும் வந்தால், சைக்கிள் வைத்திருக்கிற ஏழை வீட்டுப் பிள்ளையிடம் நூறு ரூபாய் வாங்கியதுதான் மிச்சம். ஓரத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற காரை யாரும் கேட்கப் போவதில்லை.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் நான்காவது பத்தியை மட்டும் தனி மனுவாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ள வானூர் வட்டாரத்து அன்பர்கள் வீட்டுக்கு வாருங்கள். காலை ஏழிலிருந்து எட்டு மணிக்குள் வேண்டாம், பால் வாங்கப் போயிருப்பேன்.