கடைத்தெருவில் மூன்று மொழி, கணினியில் ஒன்று

போர்ட் பிளேயரின் அபர்டீன் கடைத்தெருவில் ஒருவர் கடைக்காரரிடம் இந்தியிலும், உடன் வந்தவரிடம் தமிழிலும், எதிர்ப்படும் அண்டை வீட்டாரிடம் வங்காளத்திலும் பேசுவது வியப்புக்குரிய செய்தியன்று. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய அந்நகரின் பிள்ளைகள் இலக்கண நூலைத் தொடாமலே மொழி மாற்றிப் பழகுகின்றனர். கணினியியல் வகுப்புக்குள் நுழைந்ததும் அவர்களுள் பலர் "வேலைக்கு எந்த மொழி?" என்று கேட்டு, ஒரு விடையைப் பெற்று, மற்றவற்றுக்குக் கதவடைத்துவிடுகின்றனர். குறை அவர்களுடையது மட்டுமன்று. பாடத்திட்டமும் வளாக நேர்காணலும் அதையே கற்பிக்கின்றன.

முன்பு இதற்கு ஒரு நியாயம் இருந்தது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளும் கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வரும்வரை தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்தன. புதிய நிரல்மொழி ஒன்றைத் தரவிறக்குவதே பொறுமையைச் சோதிக்கும் வேலை. அந்த நியாயம் இன்று பெரும்பாலும் இல்லை.

ஜாவா அறிந்தவர் சி ஷார்ப் கற்பது, மதுரைக்காரர் நெல்லைத் தமிழுக்குச் செவி பழகுவதைப் போன்றது. ஹாஸ்கெல் அப்படியன்று. அங்கே ஒரு பெயருக்குத் தந்த மதிப்பு மாறாது; பழகிய 'ஃபார்' சுழலும் இல்லை. ப்ரோலாக்கிலோ செய்முறையைச் சொல்வதில்லை. உண்மைகளையும் விதிகளையும் சொல்லிவிட்டு வினவ வேண்டும். இவற்றைக் குறைபாடுகள் என்று கருதும் மாணவர் அங்கேயே திரும்பிவிடுகிறார்.

பெரிய அந்தமானிய மொழியை ஆராய்ந்த அன்விதா அப்பி, அது மனித உடலை ஏழு பகுதிகளாகப் பகுத்து, அப்பகுப்பைப் பெயரிலும் வினையிலும் முன்னொட்டாக ஏற்றுவதை விளக்கியுள்ளார். இந்தியையோ தமிழையோ அளவுகோலாகக் கொண்டு தேடியிருந்தால் அந்த அமைப்பு கண்ணில் பட்டிராது. நிரல்மொழிக்கும் இதே பணிவு தேவை.

முதலில் ஒன்றை ஆழமாகக் கற்கட்டும் என்பர். முதலாண்டுக்கு அது சரியே. ஆனால் ஜாவா 2014-இல் தன் எட்டாம் பதிப்பில் பெயரற்ற சார்புகளை ஏற்றபோது பலர் திகைத்தனர். 1960 முதலே அவற்றைக் கொண்டிருந்த லிஸ்ப்பைப் பயின்றவர்களுக்கு அது பழைய நண்பர். ரஸ்ட் பழகியவர் சி-க்குத் திரும்பும்போது, இந்த நினைவகம் யாருக்கு உரியது என்று கேட்காமல் ஒரு வரியும் எழுதமாட்டார்.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியைப் பலர் விளையாட்டுப் பொருளாக ஒதுக்குகின்றனர். அதில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' என்னும் சொல் பின்னும் வரும். பிற மொழிகளின் 'இஃப்' முன்னால் நிற்பது கணிதத்தின் கட்டளையன்று, ஆங்கிலத்தின் பழக்கம் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

ஆய்வகத்தில் ஒரு பருவம் போதும். தீவுகளுக்கிடையேயான கப்பல் அட்டவணையை எடுத்துக்கொண்டு, ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து ஸ்வராஜ் தீவு வழியாக எங்கெங்கு செல்லலாம் என்னும் ஒரே கணக்கைப் பைத்தானிலும் ஹாஸ்கெல்லிலும் ப்ரோலாக்கிலும் எழுதச் சொல்லலாம். மதிப்பெண்ணை விடைக்குத் தர வேண்டா. மூன்றாம் முறை எழுதியபின் முதல் நிரலில் மாணவர் எதைத் திருத்த விரும்பினார் என்பதற்குத் தரலாம்.