தொடாதவர்களின் தீர்ப்பு

ஏ.பி.எல். என்னும் நிரலாக்க மொழியைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்களே கிடைக்கின்றன. "அது இன்னும் உயிரோடிருக்கிறதா?" என்பது ஒன்று. "அந்தக் கிறுக்கல்களை யார் படிப்பது?" என்பது மற்றொன்று. இப்படிக் கேட்பவர்களில் அநேகர் அம்மொழியில் ஒரு வரிகூட எழுதிப் பார்த்தவர்கள் அல்லர். புதுக்கவிதையைப் 'புரியவில்லை' என்ற ஒற்றைச் சொல்லால் புறந்தள்ளிய குரல்களைக் கேட்டுப் பழகிய சிற்றிதழ் வாசகர்களுக்கு இந்தத் தொனி புதிதாக இராது.

ஏ.பி.எல். கணினிக்காகப் பிறந்த மொழியே அன்று. கனடாவில் பிறந்த கணித அறிஞர் கென்னத் ஐவர்சன், 1950களில் ஹார்வர்டில் பாடம் நடத்துகையில், செய்முறைகளைப் பிசகின்றி விளக்குவதற்காகத் தமக்கென்று ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார். 1962இல் அது நூலாக வெளிவந்தது. 1964இல் ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினியின் அமைப்பையே இக்குறியீட்டால் விவரித்து அவரும் இரு சகாக்களும் கட்டுரை எழுதினார்கள். அது ஏ.பி.எல். என்னும் ஊடாடும் மொழியாகக் கணினியில் ஓடத் தொடங்கியது 1966இல். அதன் விசித்திரமான எழுத்துகளை அச்சிடுவதற்கென்றே தட்டச்சு முனையத்துக்குத் தனி எழுத்துருண்டை செய்தார்கள். ஆக, கரும்பலகையில் மனிதர் மனிதருக்கு எழுதிக்காட்டப் பிறந்த ஒன்றை, மனிதரால் படிக்க முடியாதது என்று பழிக்கிறோம்.

எழுத்துகள் அந்நியமானவை என்பதை மறுப்பதற்கில்லை. அந்நியமானது அனைத்தும் கடினமானதாகிவிடுமா என்பதே கேள்வி. ஓர் எளிய உதாரணம். 3 1 4 என்னும் எண் வரிசை இருக்கிறது. 2+3 1 4 என்று எழுதினால் 5 3 6 கிடைக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டு என்று சொல்ல வேண்டியதில்லை. +/3 1 4 என்றால் வரிசை முழுவதன் கூட்டுத்தொகை, 8. அந்தக் கூட்டல் குறியை எடுத்துவிட்டுப் பெருக்கல் குறியை வைத்தால், ×/3 1 4, விடை 12. ⌈ என்ற குறியை வைத்தால் வரிசையில் பெரிய எண்ணான 4. சாய்கோடு எங்கும் ஒரே வேலையைத்தான் செய்கிறது: தனக்கு இடப்பக்கம் நிற்கும் செயலை எண்களுக்கு இடையே நட்டு வைக்கிறது. இதைப் புரிந்துகொண்டவருக்குக் கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் பெரியதைத் தேடுவதற்கும் தனித்தனிப் பாடம் தேவையில்லை. மற்ற மொழிகள் பலவற்றில் இவை ஒவ்வொன்றும் ஒரு சுழற்சியாகவோ தனிப் பெயர் கொண்ட செயற்கூறாகவோ நிற்கும். அவற்றுக்கிடையே உள்ள உறவு கண்ணுக்குப் புலப்படாது.

அடுத்த குற்றச்சாட்டு, இம்மொழி வலமிருந்து இடமாகக் கணக்கிடுகிறது, பெருக்கலுக்கு முன்னுரிமை தருவதில்லை என்பது. உண்மைதான். 3×4+5 என்றால் பள்ளிக்கூட விடையான 17 வராது, 27 வரும். ஆனால் இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. இத்தனை செயற்குறிகள் உள்ள மொழியில் எது முந்தி, எது பிந்தி என்ற பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட ஒரே விதி போதும் என்று ஐவர்சன் முடிவு செய்தார். அதன் பலன் ஒன்றைப் பாருங்கள். -/1 2 3 4 என்று எழுதினால், வலமிருந்து கணக்கிடுவதால், 1-(2-(3-4)) ஆகி விடை எதிர்மம் 2 என வரும். அதாவது 1-2+3-4 என்னும் மாறிமாறிக் கூட்டிக் கழிக்கும் தொடர், கணிதத்தில் அடிக்கடி தலைகாட்டுவது, கேளாமலே கைக்கு வந்துவிடுகிறது. குறை என்று கேள்விப்பட்டதன் மறுபக்கம் எழுதிப் பார்ப்பவருக்கே தெரியும்.

ஐவர்சனுக்கு 1979ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. குறியீடு என்பது சிந்தனைக்கான கருவி என்பதே அவரது விருதுரையின் மையக் கருத்து. நல்ல குறியீடு, யோசித்து முடித்ததைப் பதிவு செய்வதோடு நில்லாமல் அடுத்த யோசனைக்கும் வழி திறக்கிறது. இலக்கிய வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை என்று கருதுகிறோம்.

விமர்சனமே கூடாது என்று நாம் வாதாட வரவில்லை. டைக்ஸ்ட்ரா போன்ற மேதை இம்மொழியைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். அவரோடு மோதுவதற்கு அவரது தளத்துக்கு ஏற வேண்டும். அவர் சொன்னதை மட்டும் கடன் வாங்கித் திரிபவர்களைப் பற்றியே இங்கே பேச்சு. மேலும், ஒரே வரியில் எல்லாவற்றையும் திணித்து வித்தை காட்டும் ஆசையை இம்மொழி தூண்டுகிறது. அப்படி எழுதிய வரியை ஆறு மாதம் கழித்து எழுதியவரே அவிழ்க்கத் திணறுவார். வரிசைகளாகப் பிரித்துப் பார்க்க முடியாத வேலைகளுக்கு இது பொருந்துவதும் குறைவு. இவையெல்லாம் பழகியவர்கள் சொல்லும் குறைகள், ஆகவே மதிப்புள்ளவை.

இறந்த மொழி என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை. டையலாக் ஏ.பி.எல். இன்றும் புதிய பதிப்புகளோடு புழக்கத்தில் இருக்கிறது. ஐவர்சன் ரோஜர் ஹுய்யுடன் சேர்ந்து 1990இல் சாதாரண விசைப்பலகைக் குறிகளை மட்டும் கொண்டு 'ஜே' மொழியை உருவாக்கினார். ஆர்தர் விட்னியின் 'கே' மொழியின் வழித்தோன்றல்கள் நிதிச் சந்தைத் தரவுகளை அலசுகின்றன. பைத்தானின் நம்பை நூலகத்தில் வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் கூட்டிப் பெருக்குபவர்கள், இந்தக் குடும்பம் எப்போதோ போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

எல்லோரும் ஏ.பி.எல். கற்க வேண்டும் என்பது நம் கோரிக்கையன்று. ஆனால் கற்க ஆசைப்பட்டு வரும் இளைஞரை வாசலிலேயே மறித்து, "அது வேண்டாத வேலை" என்று திருப்பி அனுப்பும் உரிமை யாருக்கு உண்டு? எண்களை ஒவ்வொன்றாக அன்றி ஒட்டுமொத்தமாக நோக்கும் பார்வை ஒன்று அவருக்கு வாய்க்காமலே போகக்கூடும். அந்த இழப்பு நேர்ந்ததுகூட அவருக்குத் தெரியாது. நிராகரிக்க விரும்புவோர் ஒரு வாரம் செலவிட்டுப் பத்துக் குறிகளையாவது பழகட்டும். அதன் பின்னும் பிடிக்கவில்லை என்றால், என்ன பிடிக்கவில்லை என்று எழுதட்டும். அதை அக்கறையோடு வாசிக்க நாம் காத்திருக்கிறோம்.