தறி இருந்த வீடும் லைன் வீடும்

வீடு என்பது மனிதர் குடியிருப்பதற்காகக் கட்டப்படுவது என்றே நாம் வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தோம். கொங்கு நாட்டு நெசவாளர் தெருக்களைப் பார்த்த பிறகு அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அங்கே வீட்டில் முதலில் இடம் பிடித்தது தறி. மனிதர் மிச்சமிருந்த இடத்தில் ஒண்டிக்கொண்டார்கள்.

திருப்பூருக்குக் கிழக்கே சென்னிமலை வட்டாரத்தின் பழைய கைத்தறி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாசலைத் தாண்டினால் நீளமான கூடம். அதன் மண் தரையில் குழி தோண்டித் தறி பூட்டியிருக்கும். நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழியில் தொங்கவிட்டு மிதிகட்டைகளை மிதிப்பார். குழி எதற்கு? கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் வறண்ட சீமை. காற்று உலர்ந்தால் பாவு நூல் பட்டுப் பட்டென்று அறும். மண் தரையும் கனத்த மண் சுவரும் வெயிலைத் தடுத்தன. குழியின் ஈரம் நூலைக் காத்தது. நூலுக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் திண்ணையில் படுத்த பாட்டிக்கும் அந்தக் குளிர்ச்சியில் பங்கு கிடைத்தது. பாவு நீட்டுவதற்கு வீடு போதாது. ஆகையால் ஊருக்குப் பொதுவாகப் பாவடி என்று ஓர் இடம் விட்டிருந்தார்கள்.

பிரான்ஸ் தேசத்து லியோன் நகரிலும் தறிதான் கொத்தனாருக்கு அளவு சொல்லிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜக்கார்டு தறி வந்ததும், அந்த உயரமான யந்திரத்துக்காக குருவா ரூஸ் குன்றின்மேல் ஏறத்தாழ 13 அடி உயர அறைகளும் பெரிய ஜன்னல்களுமாக மாடி வீடுகள் எழுந்தன. அங்கே வாழ்ந்த பட்டு நெசவாளர்கள் கூலி போதாமல் 1831-லும் 1834-லும் கிளர்ந்தெழுந்தார்கள். உயர்ந்த கூரை வயிற்றை நிரப்பாது அல்லவா!

திருப்பூருக்கு வருவோம். 1925-ல் அகில இந்திய சர்க்கா சங்கம் ஏற்பட்ட பின், அதன் தமிழ்நாட்டுக் கிளை இவ்வூரில்தான் இயங்கியது. கதர்க் காலத்திலும் ராட்டினமும் தறியும் வீட்டுக்குள்தான் இருந்தன. பிறகு பனியன் கம்பெனிகள் பெருகின. வேலை வீட்டை விட்டு வெளியேறிற்று. வேலை தேடி வந்தவர்களுக்கென்று எழுந்தவை லைன் வீடுகள். ஒரே அறை, இரு பக்கமும் அடுத்த வீட்டாரோடு பொதுச் சுவர், தலைக்குமேல் ஆஸ்பெஸ்டாஸ் தகடு, கோடியில் பல குடித்தனங்களுக்கும் பொதுவான குளியலறை. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் சித்திரை மாதத்து நண்பகலில் அந்தத் தகட்டின் கீழ்த் தூங்கியாக வேண்டும்.

இப்பகுதி நூற்பாலைகளிலோ, நூல் அறாதிருக்க யந்திரம் வைத்துக் காற்றை ஈரப்படுத்துகிறார்கள். அதை நாம் குறை கூறவில்லை, நூல் அறக்கூடாதுதான். முன்பு நூலும் மனிதனும் ஒரே நிழலில் இருந்தார்கள். இப்போது நிழல் நூலுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. லைன் வீடு கட்டுகிறவர்கள் சுவரை ஒரு முழம் உயர்த்தி, எதிரெதிராக இரண்டு ஜன்னல் வைத்து, மேலே நாட்டு ஓடு வேய்ந்தால் என்ன? வாடகைக் கணக்கில் அது சற்று இடிக்கும் என்பது நமக்கும் தெரியும்.

சில வரிசைகளில் குடியிருப்பவர்களே தகட்டின்மேல் தென்னங்கீற்றைப் பரப்பிக் கல் வைத்திருக்கிறார்கள்.